மயிலாப்பூர்த் தண்ணீரும் மாட்டுத் தீவனமும்

வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பிப் போகிறது. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர், கழிப்பறை நீர் எல்லாம் தெருவுக்கடியில் ஓடும் குழாய்களில் கலந்து, உந்து நிலையங்களைக் கடந்து பெருங்குடிக்குப் போய்ச் சேர்கின்றன. கோடம்பாக்கம், கே.கே. நகர் பக்கத்துக் கழிவுநீர் நெசப்பாக்கத்துக்குப் போகிறது. சென்னையின் கழிவுநீர்க் குழாய் அமைப்புக்கு 1910இல் திட்டம் வகுத்தவர்கள், 1961இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அன்று தொடங்கிக் கணக்கு மக்கள்தொகையைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மெட்ரோ வாட்டர் வாரியம் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிறது.

இந்த நிலையங்களில் முதலில் மணலும் குப்பையும் நீக்கப்படுகின்றன. பிறகு கழிவுநீர் தொட்டிகளில் தேங்கித் தெளிகிறது. அடுத்த தொட்டியில் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று பெருகும்படி செய்கிறார்கள். பெருகிய நுண்ணுயிர்கள் கசடாகப் படிய, மேலே தெளிந்த நீர் வெளியேறுகிறது. இதற்கு இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு என்று பெயர். வெளியே வரும் நீர் பார்வைக்குத் தெளிவாக, லேசான மஞ்சள் நிறத்தில் இருக்கும். குடிக்க உதவாது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கரைந்திருக்கும், நோய்க்கிருமிகள் ஓரளவு மிச்சமிருக்கும், வீட்டிலிருந்து வந்த உப்பு முழுதும் அப்படியே இருக்கும். நுண்ணுயிர் எதைத் தின்றாலும் சமையல் உப்பைத் தின்பதில்லை. பின்னால் வரும் செய்திகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தையே சுற்றி வருகின்றன.

கழிவுநீரில் புல் வளர்த்து மாட்டுக்குப் போடுவது புதிய யோசனை இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துச் சாக்கடை நீர், கிரெய்கென்டினி என்ற புல்வெளிகளில் பாய்ந்து 19ஆம் நூற்றாண்டில் அந்த நகரத்துப் பால்மாடுகளுக்குத் தீனியானது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரம் 1897இல் வெரிபீ என்ற இடத்தில் பெரிய பண்ணை அமைத்துக் கழிவுநீரைப் புல்வெளியில் பாய்ச்சி, அதில் ஆடுமாடு மேய்த்தது. தமிழகத்தில் மதுரை அவனியாபுரத்தில் மாநகராட்சியின் கழிவுநீர்ப் புல்பண்ணை நெடுங்காலம் இருந்தது. திருவனந்தபுரத்தில் வலியதுறைப் பண்ணை அப்படிப்பட்டது. சென்னையில் கொடுங்கையூர் நிலையம் வருவதற்கு முன்பே அங்கே கழிவுநீர்ப் பண்ணை இருந்தது. இந்தப் பண்ணைகளில் வளர்ந்தது பெரும்பாலும் தண்ணீர்ப்புல். எருமைப்புல் என்றும் சொல்வார்கள். ஈரத்தில் கால் வைத்தபடியே வளரும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். ஹைதராபாத்தில் மூசி ஆற்றங்கரை நெடுகிலும் இந்தப் புல்லே பயிராகி, கட்டுக் கட்டாக நகரத்து எருமைத் தொழுவங்களுக்குப் போனது.

பழைய பண்ணைகளுக்கும் இன்று பேசப்படும் முறைக்கும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. அன்று பாய்ந்தது பச்சைச் சாக்கடை. அதை எங்கேனும் தொலைக்க வேண்டும் என்பதே நோக்கம், புல் கிடைத்தது உபரி லாபம். ஆகவே எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாங்கும் பயிர் தேவைப்பட்டது. இன்று பாய்வது சுத்திகரித்த நீர். அதற்கு விலையும் போட்டியும் இருக்கின்றன. இருக்கிற நீரில் அதிக நிலத்தை, நிலம் கெடாமல், பல ஆண்டுகள் நனைக்க வேண்டும். இதற்குச் சோளம், கொழுக்கட்டைப் புல் போன்ற வறட்சி தாங்கும் பயிர்கள் பொருந்துகின்றன.

தண்ணீர் ஆண்டு முழுவதும் வற்றாமல் வரும்போது வறட்சி தாங்கும் பயிர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மயிலாப்பூரில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் குளியலறை இயங்குகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, குழாய்த் தண்ணீர் குறைந்து, லாரி பின்னால் குடங்கள் வரிசை கட்டிய மாதங்களிலும் சாக்கடை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அளவு குறைந்தது, உப்பின் அடர்த்தி கூடியது. கேள்விக்கு விடை அந்த உப்பில் இருக்கிறது.

வேருக்கு வறட்சியும் உப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். காய்ந்த மண்ணில் நீர் குறைவாக இருப்பதால் வேரால் உறிஞ்ச முடிவதில்லை. உப்பு மண்ணில் நீர் இருக்கிறது, ஆனால் உப்பு அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் வேர் கூடுதல் விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. வறட்சியில் பிழைக்கக் கற்ற பயிர், தன் செல்களுக்குள் கரைபொருள்களைச் சேர்த்துக்கொண்டு இந்த இழுபறியில் ஓரளவு வெல்லும். எல்லா வறட்சிப் பயிரும் உப்பைத் தாங்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இரண்டு குணங்களும் சேர்ந்திருக்கும் பயிர்கள் பல.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1985இல் வெளியிட்ட பாசன நீர்த் தர வழிகாட்டியில் இதற்கான அளவுகள் உள்ளன. மண்கரைசலின் மின்கடத்துத்திறனைக் கொண்டு உப்பை அளக்கிறார்கள். அலகு, மீட்டருக்கு டெசிசீமன்ஸ். எந்த அளவு வரை விளைச்சல் குறையாது என்பது பயிருக்குப் பயிர் மாறும். தீவன மக்காச்சோளத்துக்கு 1.8, குதிரை மசாலுக்கு 2.0, தீவனத் தட்டைப்பயறுக்கு 2.5. நெல்லுக்கு 3.0. சோளத்துக்கு 6.8, அருகம்புல் வகைக்கு 6.9. நெல் சோர்ந்துபோகும் உப்பைப் போல இரண்டு மடங்கில் சோளம் முழு விளைச்சல் தருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து விவசாயி ஒருவர் ஏரித் தண்ணீருக்குப் பதிலாக நகரத்து நீரைப் பாய்ச்ச நேர்ந்தால், நெல்லைவிடச் சோளத்தட்டை ஏன் பாதுகாப்பானது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சென்னைக் கழிவுநீரில் உப்பு எங்கிருந்து வருகிறது? சாப்பாட்டிலிருந்து, சோப்புத்தூளிலிருந்து, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரே உவர். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த உவர்நீரை வீட்டில் ஆர்.ஓ. கருவி வடிகட்டும்போது, பிரிந்த உப்பு கழிவாகச் சாக்கடைக்கே வருகிறது. கடலருகே பழைய குழாய்களின் விரிசல்கள் வழியாக உவரான நிலத்தடி நீர் உள்ளே கசிவதும் உண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பு என்று கொண்டால், ஒரு கனமீட்டரில் ஒரு கிலோ. ஒரு ஹெக்டேர் சோளத்துக்கு ஒரு போகத்தில் 400 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சினால் அது 4,000 கனமீட்டர். அதோடு 4 டன் உப்பு நிலத்தில் இறங்குகிறது. ஆண்டு முழுவதும் நிற்கும் நேப்பியர் புல்லுக்கு 1,500 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 15 டன். பயிர் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை வேரடியிலேயே விட்டுவிடும். குறைந்த நீர் கேட்கும் பயிர் நிலத்தில் குறைந்த உப்பையே சேர்க்கும். விளைச்சலும் குறையும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு டன் தீவனத்துக்கு எவ்வளவு உப்பு என்று பார்த்தால் நேப்பியரே முந்தும். ஆனால் கெட்டுப்போவது நிலம் என்பதால் கணக்கை நிலத்தின் பக்கமிருந்து பார்ப்பதே சரி.

சேர்ந்த உப்பைக் கழுவ மழை வேண்டும். இங்கே சென்னைக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கிறது. ஒன்பது மாதம் மண்ணில் ஏறிய உப்பு அந்த மூன்று மாதத்தில் வேரடிக்குக் கீழே இறங்கும், மண் வடிகால் உள்ளதாக இருந்தால். களிமண் நிலத்தில் இன்னொரு சிக்கல்: உப்பில் சோடியம் மிகுந்தால் களித்துகள்கள் உப்பிப் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும், மழை பெய்தாலும் நீர் கீழே இறங்காது. அதற்கு ஜிப்சம் இடுவார்கள். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். இந்தியத் தர அளவின்படி பாசன நீரின் மின்கடத்துத்திறன் 2.25 டெசிசீமன்ஸைத் தாண்டக் கூடாது. அந்த எல்லைக்குள் இருந்தாலும் வடிகால் இல்லாத களிமண்ணில் நம்பிக்கை வைக்க முடியாது.

உப்புநீர் நிலத்தை என்ன செய்யும் என்பதற்குத் தமிழகம் வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கியது. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை உப்புத் தேக்கமாக மாறியது. தென்சென்னை எல்லையில் குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரே குரோம் தோல் ஆலையிலிருந்து வந்தது. வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவுநீரும் ஒரே குழாயில் கலக்கும் இடத்து நீரைத் தீவனத்துக்குப் பயன்படுத்தும் பேச்சையே எடுக்கக் கூடாது. குரோமியம், காட்மியம், ஈயம் போன்ற உலோகங்கள் மண்ணில் தங்கும், புல்லில் ஏறும், மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகியவற்றின் கழிவுநீர் பெரும்பாலும் வீட்டிலிருந்தும் உணவகங்களிலிருந்தும் வருவது. அந்த வகையில் வடசென்னை நீரைவிட இது தீவனத்துக்கு ஏற்றது.

பயிர்களை எடுத்துக்கொண்டால் முதலிடம் தீவனச் சோளத்துக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001இல் வெளியிட்ட கோ.எஃப்.எஸ் 29 ரகத்தை ஒருமுறை விதைத்தால் முதல் அறுப்பு 65 நாளில், பிறகு 50 நாளுக்கு ஒருமுறை மறுதாம்பு அறுப்பு. சோளத்தின் இலைமேல் மெழுகுப் பூச்சு இருக்கும். ஈரம் தீர்ந்தால் பயிர் வளர்ச்சியை நிறுத்தி, இலையைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்கும். தண்ணீர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சுத்திகரிப்பு நிலையத்தில் பழுது ஏற்பட்டு ஒரு வாரம் நீர் வராவிட்டாலும், நீரின் தரம் கெட்டு மதகை மூட நேர்ந்தாலும் சோளம் பொறுத்துக்கொள்ளும். மக்காச்சோளம் பொறுக்காது.

அடுத்தது கொழுக்கட்டைப் புல். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் வெள்வேல மர நிழலில், மானாவாரியில், காங்கேயம் மாடுகளை வளர்த்த புல் இது. ஆழமாக வேர் விடும், தண்டின் அடியில் சத்தைச் சேமித்து வைக்கும். ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு அறுப்புகளில் ஹெக்டேருக்கு 40 டன் என்பது வழக்கமான அளவு. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இதைப் போல எட்டு, ஒன்பது மடங்கு தரும். நேப்பியர் வறட்சிப் பயிர் இல்லை என்றாலும் அதன் கோ 4 ரகக் கரணை இல்லாத பால்பண்ணை தமிழகத்தில் அரிது. நீரின் உப்பு குறைவாக இருந்து, நிலமும் குறைவாக இருந்தால் நேப்பியரை நடலாம். உப்பு கூடக்கூடச் சோளத்துக்கும், அதற்கு மேல் ரோட்ஸ் புல்லுக்கும் நகர்வதே விவேகம். ரோட்ஸ் புல்லுக்கு ஒரு வினோதத் திறமை உண்டு. இலையிலுள்ள சுரப்பிகள் வழியே உப்பை வெளியே தள்ளிவிடும். வளைகுடா நாடுகளில் அது பெருமளவில் பயிராவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புல் மட்டும் போட்டால் மாட்டுக்குப் புரதம் போதாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. அகத்தியும் சவுண்டலும் வரப்போரத்தில் நிற்கலாம். மயிலாப்பூர் கோயில் வாசல்களில் பசுவுக்கென்று கட்டுக்கட்டாக விற்கும் அகத்திக்கீரை, தீவன அறிவியல் பார்வையிலும் தரமான புரதத் தீனிதான்.

கழிவுநீரிலுள்ள உரச்சத்து விவசாயிக்கு இலவசமாக வருகிறது. சாதாரணமாக லிட்டருக்கு 50 மில்லிகிராம் தழைச்சத்து, 10 மில்லிகிராம் மணிச்சத்து, 30 மில்லிகிராம் சாம்பல் சத்து உள்ள நீரை ஹெக்டேருக்கு 5,000 கனமீட்டர் பாய்ச்சினால் 250, 50, 150 கிலோ வீதம் சேரும் என்று உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. நெல்லுக்கு இவ்வளவு தழைச்சத்து போனால் கதிர் முற்றாமல் சாய்ந்துவிடும். தக்காளிக்குப் போனால் இலைதான் மிஞ்சும். புல்லில் இலையே விளைச்சல். தீவனப் பயிருக்கும் கழிவுநீருக்கும் உள்ள பொருத்தத்துக்கு இது முக்கியக் காரணம். ஆண்டு முழுவதும் அறுத்து எடுப்பதால் மண்ணில் தேங்கும் சத்தும் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பொருத்தத்துக்குள்ளேயே ஒரு கண்ணி இருக்கிறது. இளம் சோளத்தில் துர்ரின் என்ற பொருள் உண்டு. மாடு மெல்லும்போது அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். இளஞ்சோளம் மேய்ந்த மாடு சில நிமிடங்களில் விழுந்து சாவதைக் கிராமங்களில் கண்டவர்கள் உண்டு. தழைச்சத்து மிகுந்தாலும் துர்ரின் கூடும், வறட்சியில் பயிர் வாடினாலும் கூடும். கழிவுநீர் பாய்ந்த சோளத்துக்குத் தண்ணீர் நின்று வாட்டம் வந்தால் இரண்டும் ஒன்றுசேரும். வாடி மறுபடி துளிர்த்த இளங்குருத்து எல்லாவற்றிலும் ஆபத்தானது. பாதிப் பயிர் பூக்கும் வரை அறுக்காமல் விடுவதும், அறுத்ததை வெயிலில் வாட்டிப் போடுவதும், சைலேஜ் என்ற ஊறுகாய்ப் புல்லாகப் பதப்படுத்துவதும் இந்த நஞ்சைக் குறைக்கும். இன்னொரு நஞ்சான நைட்ரேட் வெயிலில் வாட்டினால் போகாது. தழைச்சத்து மிஞ்சிய பயிர் அதைத் தண்டின் அடிப்பகுதியில் நைட்ரேட்டாகச் சேர்த்து வைக்கும். மாட்டின் இரைப்பையில் அது நைட்ரைட்டாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். காய்ந்த தட்டையிலும் நைட்ரேட் அப்படியே இருக்கும். அடித்தண்டைச் சற்று உயரமாக விட்டு அறுப்பதும், வைக்கோலோடு கலந்து போடுவதும் கைகண்ட வழிகள். நீரில் வரும் சத்தைக் கணக்கில் எடுக்காமல், பழக்கத்தால் யூரியாவும் போடுவதுதான் இதில் அடிக்கடி நேரும் தவறு.

கிருமிகளைப் பொறுத்தவரை தீவனப் பயிருக்குத் தளர்வான விதியே உண்டு. காரணம் எளிது. கீரையை மனிதர் அப்படியே சாப்பிடுகிறார், புல்லுக்கும் மனிதருக்கும் நடுவே ஒரு மாடு நிற்கிறது, பாலும் காய்ச்சப்படுகிறது. பச்சையாகத் தின்னும் காய்கறிக்கு நூறு மில்லிலிட்டர் நீரில் 1,000 மலக்கிருமிகளுக்கு மேல் கூடாது என்று சொன்ன உலக சுகாதார நிறுவனத்தின் 1989ஆம் ஆண்டு வழிகாட்டி, தீவனப் பயிருக்கு அந்தக் கட்டுப்பாட்டை விதிக்கவில்லை. ஆனால் புழு முட்டை லிட்டருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது.

தீவனத்தில் புழு முட்டை ஏன் கவலை தருகிறது என்றால், மாட்டு நாடாப்புழுவின் வாழ்க்கைச் சுற்று மனிதரிலிருந்து மாட்டுக்கும் மாட்டிலிருந்து மனிதருக்கும் செல்வது. மனிதர் மலத்தில் வெளியேறும் முட்டை புல்லோடு மாட்டின் வயிற்றுக்குப் போய், தசையில் கட்டியாகத் தங்கும். சரியாக வேகாத அந்த இறைச்சியைத் தின்பவர் குடலில் புழுவாக வளரும். வெரிபீ பண்ணையிலும் இந்தக் கவலை இருந்தது. முட்டை கனமானது என்பதால், குளோரினுக்கு அசைந்துகொடுக்காவிட்டாலும் தேங்கிய நீரில் அடியில் போய்ப் படிந்துவிடும். எட்டு முதல் பத்து நாள் குட்டைகளில் நீரைத் தேக்கி வைப்பது, விலையுயர்ந்த எந்தக் கருவியையும்விட இதற்குச் சிறந்த மருந்து.

வயலில் நடக்கவேண்டியவையும் இதிலிருந்தே வருகின்றன. மாட்டை வயலில் மேய விடாமல், புல்லை அறுத்துக் கட்டித் தொழுவத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அறுப்புக்கு இரண்டு வாரம் முன்பு நீரை நிறுத்தினால் வெயிலே கிருமிகளைப் பார்த்துக்கொள்ளும். வறட்சி தாங்கும் பயிருக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டல்ல. தெளிப்பு நீர்ப் பாசனம் வேண்டாம், காற்றில் பறக்கும் நுண்துளி அக்கம்பக்கத்து வீடுகளைச் சேரும். பார் பிடித்து வாய்க்காலில் விடலாம். வடிகட்டி வைத்துச் சொட்டுநீரும் விடலாம், ஆனால் பாசி சேர்ந்து துளைகள் அடைத்துக்கொள்ளும் தொல்லை ஓயாது. வேலை செய்பவர்களுக்கு முழங்கால் பூட்ஸும் கையுறையும் தேவை. கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகத்தான் ஏறுகிறது. மணல் நிலமாக இருந்தால் அருகிலுள்ள குடிநீர்க் கிணறுகளில் நைட்ரேட்டை அளந்துகொண்டே இருக்க வேண்டும். குடிநீரில் அதன் எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

இனி நிலம். தியாகராய நகர் 1920களில் மயிலாப்பூர் நீண்ட ஏரியின் படுகையில் எழுந்த பேட்டை. அந்த ஏரி பாசனம் தந்த வயல்களும் வீடுகளாகிவிட்டன. தண்ணீர் இங்கே உற்பத்தியாகிறது, அதை ஏற்கும் வயல் இங்கே இல்லை. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். சென்னை வெயிலில் பயிர் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மில்லிமீட்டர் குடிக்கும் என்று கொண்டால் ஹெக்டேருக்கு 50,000 லிட்டர். உப்பைக் கழுவவும் சேதத்துக்கும் கால் பங்கு கூட்டினால், நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் நீர் 160 ஹெக்டேருக்குப் போதும். கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 270 ஹெக்டேர் என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 200 டன் என்று அடக்கமாகக் கணக்கிட்டாலும், தினம் 25 கிலோ பசும்புல் தின்னும் மாடுகள் 3,500க்குத் தீனி கிடைக்கும். தென்சென்னை நிலையங்களின் ஒரு நாள் நீரில் ஒரு கோடி லிட்டர் என்பது சிறு பகுதி.

சிறிய அளவிலும் இதே கணக்கு செல்லும். நூறு வீடுகள் கொண்ட அடுக்ககம் நாளொன்றுக்கு 43,000 லிட்டர் அளவுக்குக் கழிவுநீர் தருகிறது. ஏறக்குறைய இரண்டு ஏக்கர் தீவனத்துக்குப் போதும். அந்த இரண்டு ஏக்கருக்கு அடையாற்றில் என்ன விலை என்று யோசித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆகவே நீரைத்தான் நகர்த்த வேண்டும். அதற்கும் முன்மாதிரி அருகிலேயே உண்டு. பெங்களூரின் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு நீர் 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாயில் போகிறது. திட்ட அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். ஏரி நிரம்பி நிலத்தடி நீர் உயர்ந்தது. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு இல்லாமல் அனுப்பலாமா என்ற சர்ச்சையும் சேர்ந்தே வந்தது. ஏரியில் விட்டுவிட்டால் அந்த நீர் எந்தப் பயிருக்கு, யார் கிணற்றுக்குப் போகிறது என்று கட்டுப்படுத்த முடியாது. நேரே தீவன வயலுக்குப் போனால் கட்டுப்படுத்தலாம்.

சென்னையில் சுத்திகரித்த நீருக்கு முதல் வாடிக்கையாளர் தொழிற்சாலைதான். மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1990களின் தொடக்கத்திலிருந்தே நகரத்துக் கழிவுநீரை வாங்கி, ஆர்.ஓ. முறையில் மேலும் சுத்தம் செய்து பயன்படுத்துகிறது. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் அளவுள்ள ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை குழாயில் போகிறது. தூரம் தடையில்லை, விலை கொடுப்பவர் இருக்க வேண்டும் என்பதே இதில் தெரிவது. மாடு வளர்ப்பவரால் அங்குள்ள கார் ஆலையின் விலையைக் கொடுக்க முடியாது. கொடுக்கவும் வேண்டியதில்லை. ஆர்.ஓ. முறை மின்சாரம் செலவழித்து நீக்கும் தழைச்சத்தைத்தான் புல் கேட்கிறது. உப்பு அளவோடு இருந்தால் இரண்டாம் நிலை நீரும், அதைத் தேக்க ஒரு குட்டையும் தீவனத்துக்குப் போதுமானவை.

பெருங்குடிக்குத் தெற்கே கேளம்பாக்கம், திருப்போரூர் வரை மாடு வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பெருங்குடி நிலையத்தின் நீரோ பள்ளிக்கரணைச் சதுப்பு, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் என்று அதே திசையில் போய், கோவளம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது.